கேள்வி கேட்கவும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேச்சு ஆங்கிலம் கற்பிப்போர், இலக்கணப் பிழைகளைத் திருத்துவதில் காட்டும் அக்கறையை, அன்றாடக் கேள்விகளை எந்தச் சொற்களால் கேட்பது என்பதிலும் காட்ட வேண்டும். 'வேர் இஸ் த ஸ்டேஷன்?' என்பது பிழையற்ற கேள்விதான். ஆயினும் முன்பின் அறியாதவரிடம் 'குட் யூ டெல் மீ வேர் த ஸ்டேஷன் இஸ்?' என்று கேட்பதில் பணிவு கூடுதல், அங்கே 'இஸ்' கடைசிக்குப் போய்விடுவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இதைவிடச் சிக்கலானது 'டூ யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்வி. ஆட்சேபம் உண்டா என்பதே அதன் உட்பொருள் என்பதால், சம்மதிப்பவர் 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்ல வேண்டியிருக்க, முகமலர்ந்து 'யெஸ்' என்பவர் சொல்லளவில் மறுத்தவராகிவிடுகிறார். இத்தகைய கேள்விகளை அவற்றுக்குரிய பதில்களோடு சேர்த்தே வகுப்பில் பழக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்