சக்திமானை ஓட வைத்தவர்களுக்கு எங்கள் நன்றி

கோத்தகிரிப் பக்கத்துக் காய்கறி விவசாயிகள் சிலர் சேர்ந்து, ராணுவ ஏலத்தில் கழித்துவிட்ட சக்திமான் லாரி ஒன்றை வைத்திருப்பது பலருக்குத் தெரியும். ஜெர்மனியின் மான் கம்பெனி லைசன்சில் ஜபல்பூரில் செய்த வண்டி. பச்சை போய் நீலம் அடித்தாயிற்று, குணம் மாறவில்லை. கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் அந்த வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

கோளாறு இதுதான்: எவ்வளவு மிதித்தாலும் 40-ஐத் தாண்டாது. மலையில் இது தெரியவே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் 30-க்கு மேல் யார் ஓட்டுகிறார்கள்? கீழே சமவெளியில், காரமடை ரோட்டில் நேராக விட்டபோதுதான் பின்னால் வந்த டவுன் பஸ்செல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில், "மலைக்காத்துங்க, காத்தை அமுக்கி உள்ளே தள்ளற டர்போ இல்லாத என்ஜின் அப்படித்தான்."

அருவங்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற இ.எம்.இ. (ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) ஹவில்தார் ஐயா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "1,800 மீட்டர்ல காத்து ஆறுல ஒரு பங்கு குறையும், ஒத்துக்கறேன். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அங்கேயும் இழுக்கலைன்னா காத்து மேல ஏன் பழி போடறீங்க?" என்றார். ஐயா, இந்த ஒரு கேள்விக்கே உங்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும்.

அடுத்து அவர் கேட்டது புகையைப் பற்றி. இழுக்காமல் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, ஏர் கிளீனரைப் பார். புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. எங்கள் வண்டி புகையே விடவில்லை. டிரைவர் தம்பியை மேலே உட்கார்ந்து முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து டீசல் பம்பின் லீவரைக் காட்டினார். லீவர் போய் முட்டி நிற்க வேண்டிய ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொட ஒரு விரல் கனம் பாக்கி! கையால் தள்ளினால் மிச்சமும் போகிறது. கேபினுக்குத் தளம் மாற்றிய பட்டறையில் கனமான பலகையாகப் பார்த்து அடித்திருந்தார்கள். பெடல் அதில் முட்டி நின்றது. பெடலை லீவரோடு இணைக்கும் லிங்க் ராடின் புஷ்களும் தேய்ந்து ஆடின. பலகையில் ஒரு பள்ளம் செதுக்கி, புஷ் மாற்றியதும் வண்டி 50-ஐத் தொட்டது.

இதற்கு முன்பே ஒருவர் பம்பின் சீல் கம்பியை அறுத்து ஹை ஸ்பீடு ஸ்க்ரூவை, அதாவது அந்த ஸ்டாப் ஸ்க்ரூவையே, திருகிவிடலாம் என்றார். லீவரே தொடாத ஸ்க்ரூவைத் திருகி என்ன கிடைத்திருக்கும்? பம்புக்கு ஒரு செலவு கிடைத்திருக்கும். அதைத் தொடவே கூடாது என்று திருப்பி அனுப்பிய குன்னூர் டீசல் பம்ப் மேஸ்திரி அண்ணனுக்கு நன்றி.

ஐம்பதிலும் லோடு ஏற்றினால் விக்கல் இருந்தது. அதையும் அண்ணனே பிடித்தார். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்புக்கு வரும் பைப்பில் கண்ணாடி போலத் தெரியும் டியூப் ஒரு துண்டு மாட்டினார். டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிற பகுதி என்பதால், அங்கே ஓட்டை இருந்தாலும் வண்டி ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதை. பைப் இணைப்பில் இரண்டு செம்பு வாஷர் மாற்றியதோடு சரியானது; டீ, வடை விலைதான். டேங்க் அடியில் டீசலை வடிகட்டும் ஜாலியை அடைத்திருந்த துருச் சேற்றையும் கழுவி, ஃபில்டர் மாற்றி, பைப்பில் மிச்சமிருந்த காற்றையும் வெளியேற்றிவிட்டார்.

கடைசிப் பங்கு டயர் கடைப் பையனுடையது. யாரும் சொல்லாமலே, ஓடி வந்து நின்ற வண்டியின் ஹப்புகளை (சக்கரங்களின் நடுப்பகுதியை) ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "அண்ணா, பின்னாடி இடது பக்கம் மட்டும் கொதிக்குது" என்றான். பிரேக் ஷூ திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. மேட்டுப்பாளையம் போகும் வழியில் குஞ்சப்பனை இறக்கத்தில் அந்தச் சூட்டோடு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. வேகத்தைத் தேடப் போய் பிரேக்கைக் காப்பாற்றிக் கொடுத்தாய் தம்பி.

இப்போது லோடோடு சமவெளியில் 60 வருகிறது. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள், கியரும் ஆக்சிலும் பாரம் இழுக்கச் செய்தவை என்று ஐயா சொல்லிவிட்டார். நாங்களும் கேட்கப்போவதில்லை.

ஐயா கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த அறுவடையில் ஒரு மூட்டை கேரட் அருவங்காட்டுக்கு வரும். அதையும் டிரைவரிடம் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.