தடுப்பூசிக்குப் பிறகு தீராத தோள் வலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி போட்ட கை 2, 3 நாள் வலிப்பது சாதாரணம்தான். ஆனால் எனக்கு வாரக்கணக்கில் வலி நிற்கவில்லை, கையைத் தூக்கிச் சட்டை மாட்டவே முடியவில்லை, ஊசி போட்ட இடத்தில் போய்க் கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு, மூன்று விரல் அகலம் கீழே, தசை தடித்த இடத்தில் போட வேண்டிய ஊசியை ரொம்ப மேலே போட்டுவிட்டால் மருந்து மூட்டுப் பக்கம் இறங்கி அழற்சி உண்டாகலாம், அந்த வலி பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். தடுப்பூசியைக் குறை சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும்போது சட்டையைக் கழுத்துப் பக்கம் இழுத்துக் காட்டாமல் தோளை முழுசாகத் திறந்து காட்டுங்கள், வலி நீடித்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். ஊசி போடுபவர்களும் அவசரப்படாமல் இடத்தைத் தொட்டுப் பார்த்துப் போட வேண்டும், அதற்கான பயிற்சியை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்