படமெடுப்பதோடு சுவடி பிழைத்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓலைச்சுவடிகளை மின்படியாக்குவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறு எங்கும் படி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின என்பதை அறிந்தவர்கள் இப்பணியின் அவசரத்தை மறுக்க மாட்டார்கள். ஆனால் படமெடுத்தவுடன் பணி முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது.

சித்த வைத்தியரான என் பாட்டனார் விட்டுச்சென்ற சுவடிக் கட்டு ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் வாங்கிச் சென்று, படங்கள் அடங்கிய குறுந்தகட்டுடன் திருப்பித் தந்தனர். ஏடுகளைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவித் தந்த அவர்களது பக்குவத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் கயிற்றை அவிழ்த்தபோது குலைந்த வரிசையிலேயே படமெடுத்திருக்கிறார்கள். ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் எழுதியிருந்தும் அதை யாரும் பார்க்கவில்லை. சுரக் கஷாயத்துக்கான சரக்குகள் ஒரு படத்திலும், அவற்றின் நிறையும் பத்தியமும் நாற்பது படங்களுக்கு அப்பாலும் கிடக்கின்றன. மருந்தில் இந்தக் குழப்பம் சிறிய பிழையன்று.

பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும், சொற்களுக்கிடையே இடைவெளியும் இரா. ‘கொள’ என்று கண்ணுக்குத் தெரிவது கொள், கோள், கொள ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவில் இருப்பதால் ‘கெரள’ என்றுகூட வாசித்துவிட முடியும். அச்செழுத்துக்குப் பழகிய கணினி இதைத் தானே தீர்த்துக்கொள்ளாது. துறை அறிந்து வாசிக்கும் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

ஆகவே சுவடித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர் கேமராவுக்கும் சேமிப்புக் கருவிக்கும் ஒதுக்குவதைப் போலவே ஏடு வாசிப்போரின் ஊதியத்துக்கும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஏட்டெண், முதல் வரி, இறுதி வரி, கிடைத்த ஊர் ஆகியவற்றையேனும் பதியாமல் படங்களை ஏற்கக் கூடாது. 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்னாக்கி வரும் ‘நூலகம்’ திட்டத்தைப் போல, அவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் வழி வேண்டும்.

பாட்டனாரின் கையெழுத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் என் அத்தை ஒருவர்தாம்; அவருக்கு வயது 82. கட்டை வாங்க வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்திருந்த அவரிடம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இப்போது அந்தப் படங்களை நானே ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் வாசிக்க வாசிக்க எழுதி வருகிறேன். இதுவரை 17 ஏடுகள் முடிந்திருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர், அம்பாசமுத்திரம்