சுங்கவரி ஏறினால் வட்டியும் ஏறுமா?

அன்பு சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா! இனி உனக்கு உட்கார நேரமிருக்காது. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் தெரிகிறது.

நாடுகள் மறுபடி சுங்கவரியைக் கூட்டுகின்றனவே, நீண்டகால வட்டி பழையபடி எகிறிவிடுமா என்று கேட்டிருந்தாய். உலகச் சந்தை திறந்ததால்தான் வட்டி இறங்கியது என்பது உன் கணக்கு. அது பாதிதான் சரி.

அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன்பத்திரத்தையே பார். 1981இல் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்த வட்டி, 2020இல் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த வட்டியில் ஒரு பங்கு பணவீக்கத்துக்கு ஈடு. அது போக மிஞ்சுவது உண்மை வட்டி. உலகச் சந்தையின் போட்டி கைவைத்தது முதல் பங்கில். வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தால் உள்ளூர் ஆலைக்காரர் விலையேற்றத் தயங்குவார். ஆனால் அப்படி இறங்கும் விலை ஒரு தடவை இறங்கியதோடு சரி. ஆண்டுதோறும் பணவீக்கத்தை அடக்குவது மத்திய வங்கியின் பாடு. வோல்க்கர் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக உட்கார்ந்து அதை அடக்கியபோது, சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர இன்னும் இருபது ஆண்டு இருந்தது!

உண்மை வட்டியில்தான் வேடிக்கையே. கோடிக்கணக்கான தொழிலாளர்கள் உலகச் சந்தைக்குள் வந்தால் அவர்களுக்கு ஆலை, இயந்திரம், துறைமுகம் எல்லாம் வேண்டும். மூலதனத்துக்குக் கிராக்கி கூடி வட்டி ஏறியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. 2004 ஜூனில் 1 சதவீதமாக இருந்த குறுகியகால வட்டியை ஃபெடரல் ரிசர்வ் இரண்டே ஆண்டில் 5.25க்குக் கொண்டுபோனது. பத்தாண்டு வட்டியோ கூடவே ஏறாமல் முதல் ஓராண்டில் இறங்கவே செய்தது. அப்போது ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்த க்ரீன்ஸ்பானுக்கே அது புதிராக இருந்தது. உலகில் சேமிப்பு மிதமிஞ்சிக் கிடக்கிறது என்று 2005இல் விளக்கம் சொன்னார், அவருக்குப் பின் அந்தத் தலைவர் பதவிக்கு வந்த பெர்னான்கே. சீனாவும் எண்ணெய் நாடுகளும் ஏற்றுமதியில் சேர்த்த டாலரைத் திரும்ப அமெரிக்கப் பத்திரங்களிலேயே போட்டன; வாங்க ஆள் கூடியதால் வட்டி இறங்கியது. சீனாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2014இல் கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி டாலர்.

ஆகவே சுங்கவரியால் பொருள் விலை ஒருமுறை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். வட்டி உயரத்திலேயே நிற்க வேண்டுமானால் அந்தச் சேமிப்பு கரைய வேண்டும், இல்லையேல் அரசுகள் வாங்கும் கடன் அதை விஞ்ச வேண்டும். 2023 அக்டோபரில் பத்தாண்டு வட்டி 5 சதவீதத்தைத் தொட்டதில் மத்திய வங்கியின் கை உண்டு. அதற்கடுத்து நான் சந்தேகப்படுவது பட்ஜெட் பற்றாக்குறையை.

நீண்டகாலப் பத்திரம் வாங்குவதானால் பாதிப் பணத்தைப் போடு, மீதியைக் குறுகிய தவணையில் வை. தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்.

அன்புடன்,
மாணிக்கம்