மின் களப்பணியாளருக்கு ஆண்டுதோறும் பயிற்சி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின் விநியோகத்தில் ஊழியர்களின் வேலைத்திறன் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், ஒரு நாளில் எத்தனை புகார்கள் தீர்க்கப்பட்டன என்ற கணக்கே முன்வைக்கப்படுகிறது. மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தக் கணக்கு களப்பணியாளரின் திறமையைக் காட்டுவதில்லை என்பதோடு, பல நேரங்களில் பயிற்சிக் குறைவை மறைத்தும் விடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் அடிக்கடி போவதாகப் புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றவர் டாங் டெஸ்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து, மூன்று ஃபேஸ் கம்பிகளில் எதில் லோடு கூடியிருக்கிறது என்று பார்த்து, சில இணைப்புகளை வேறு ஃபேஸுக்கு மாற்றி, உரிய அளவுள்ள ஃபியூஸ் கம்பியைப் போடுவார். அதற்கு அரை நாள்கூட ஆகலாம். பயிற்சி இல்லாதவர் அலுமினியக் கம்பியின் இழைகளை முறுக்கித் தடிமனாகக் கட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் அடுத்த புகாருக்குப் போய்விடுவார். பதிவேட்டின்படி இரண்டாமவரே சுறுசுறுப்பானவர். பிறகொரு நாள் லைனில் கோளாறு ஏற்படும்போது, உருக வேண்டிய ஃபியூஸ் உருகாமல் நிற்க, டிரான்ஸ்பார்மரே எரிந்து ஊர் முழுவதும் இருளில் தவிக்கும். அந்த இழப்பு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

உயிரிழப்பு இதைவிடக் கொடியது. லைன் கிளியர் எனப்படும் பணி அனுமதியை வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறார்கள். ஆனால் மின்வாரிய இணைப்பையும் ஜெனரேட்டரையும் ஒன்றோடொன்று சேராமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் சரியாக இல்லாத ஏதேனும் ஒரு மண்டபத்தின் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் அதே டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி, 11,000 வோல்ட் கம்பியில் ஏறக்கூடும். வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பின்பே கம்பியைத் தொட வேண்டும் என்பது வேலைக்குச் சேரும்போதே சொல்லித்தரப்படுவதுதான். எனினும் மழை இரவில், மக்கள் கீழே நின்று அவசரப்படுத்தும் வேளையில், கை தானாக எர்த் ராடைத் தேடுவது திரும்பத் திரும்பச் செய்து பழகியவருக்கே வரும்.

மின்துறைக்கான தேசியப் பயிற்சிக் கொள்கை 2002-ஆம் ஆண்டிலேயே, எல்லா நிலை ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு வாரமேனும் பயிற்சி வேண்டும் என்று கூறியது. நெய்வேலியில் தேசிய மின் பயிற்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. மின்னோட்டத்தை நிறுத்தாமலேயே பணி செய்யக் கற்றுத்தரும் ஹாட்லைன் மையம் பெங்களூருவில் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு அறிவித்த ரூ.3 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட விநியோகச் சீரமைப்புத் திட்டத்திலும் பயிற்சிக்கென ஒரு பிரிவு உண்டு, அதில் பெரும்பணம் மீட்டருக்கும் கம்பிக்குமே என்றாலும். ஆனால் ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாத பிரிவு அலுவலகத்தில், இருக்கும் ஒரு வயர்மேனை ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பினால் புகாருக்கு யார் போவது என்பதுதான் உதவிப் பொறியாளரின் கவலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, பயிற்சிக்குச் செல்பவருக்குப் பதிலாள் தருவதற்கென்றே மின் பகிர்மான வட்டந்தோறும் சில பணியிடங்களை ஒதுக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு நிகராகக் கம்பத்தில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளரையும், அவருடைய அன்றைய கூலி குறையாமல், பயிற்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பிரிவுகளின் செயல்பாட்டை மதிப்பிடும்போது, தீர்த்த புகார்களின் எண்ணிக்கையோடு, ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து மீண்டும் வந்த புகார்களையும் எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்களையும் சேர்த்துக் கணக்கிடுமாறு மின்துறை உயர் அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர்,
திருவாரூர்.