நிரலாளர் தேவை குறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் மென்பொருள் வேலைகளே மறைந்துவிடும் என்ற அச்சம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. ஆனால் 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஃபோர்ட்ரான் என்னும் நிரல் மொழியை வெளியிட்டு, இயந்திரக் கட்டளைகளைக் கையால் எழுதும் உழைப்பைக் கணினியிடமே ஒப்படைத்தபோது, நிரலாளர் தேவை குறையவில்லை. நிரல் எழுதும் செலவு இறங்கியதால், அதுவரை கட்டுப்படியாகாத பணிகளுக்கும் கணினியை நாடினார்கள். இதைப் போலவே, நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் நீராவி இயந்திரங்கள் வந்தபின் நிலக்கரிப் பயன்பாடு கூடியதை 1865-இலேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார்.

என் கவலை வேறு. மொத்தத் தேவை கூடினாலும், புதியவர்கள் தொழில் பழகிய எளிய பணிகளைத்தான் இக்கருவிகள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே நம் பொறியியல் கல்லூரிகள், பிறர் எழுதிய நிரலைப் படித்துக் குறை காணவும், பயனாளரின் தேவையைக் கேட்டறிந்து வடிவமைக்கவும் முதலாண்டிலேயே பயிற்றுவிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், கோயம்புத்தூர்