சொலேடாட் அத்தைக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்த் தாய் நான். மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரித்துவைப்பதை எதிர்த்து 1940களில் இங்கே நடந்த மெண்டஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கில் துணை நின்றவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆனாலும் பட்ட கடனை ஊரறியச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி சொலேடாட் விதௌரி அத்தைக்கு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், உடன்பிறந்த கொன்சாலோ மெண்டஸின் மூன்று பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளையும் 17ஆம் தெருப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனீர்கள். உங்கள் பிள்ளைகள் வெளுத்த நிறம். குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல ஒலித்தது. இடம் உண்டு என்றார்கள். கொன்சாலோவின் மகள் சில்வியாவும் அவள் தம்பிகளும் மாநிறம். மெக்சிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஹூவர் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். நம் பிள்ளைக்கு இடம் கிடைத்ததே போதும் என்று வாயை மூடிக்கொள்ளும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினீர்கள். வழக்குக்கு வித்து அதுதான்.

ஃபெலிசிட்டாஸ் அம்மா, கணவர் கொன்சாலோ ஊர் ஊராக ஆள் திரட்டப் போனபோது அஸ்பாரகஸ் தோட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர் நீங்கள். சாட்சி சொல்ல வந்தவர்களின் நாள்கூலி இழப்பை ஈடுகட்டியது அந்தத் தோட்டத்து வருமானம்தான். 1945 மார்ச்சில் கொன்சாலோவோடு சேர்ந்து நான்கு பள்ளி மாவட்டங்கள்மீது வழக்குத் தொடுத்த எஸ்ட்ராடா, குஸ்மான், பலோமினோ, ராமிரெஸ் ஆகிய நான்கு தந்தையருக்கும், வாதாடிய டேவிட் மார்கஸுக்கும் நன்றி.

மெக்சிக்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, அதனால்தான் தனிப் பள்ளி என்று அதிகாரிகள் சாதித்தார்கள். 14 வயதுச் சிறுமி ஒருத்தி கூண்டில் ஏறி ஆங்கிலத்திலேயே சாட்சி சொன்னாள். அவளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

1946 பிப்ரவரியில் நீதிபதி பால் மெக்கார்மிக் பிரித்துவைப்பது செல்லாது என்றார். மேல்முறையீட்டில் கறுப்பினத்தவர், யூதர், ஜப்பானிய அமெரிக்கர் ஆகியோரின் அமைப்புகளும் ஆதரவு மனு கொடுத்தன. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் பெயரும் அவற்றுள் ஒன்றில் இருக்கிறது. 1947 ஏப்ரலில் தீர்ப்பு உறுதியானது.

முனேமிட்சு குடும்பத்தாருக்கு நன்றி சொல்லும்போது மட்டும் மனம் கூசுகிறது. அந்தத் தோட்டம் உங்களுடையது. ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக உங்களை அரிசோனாவின் போஸ்டன் முகாமில் அடைத்ததால்தான் அது மெண்டஸ் குடும்பத்துக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. நீங்கள் விரும்பிக் கொடுத்த உதவி என்று இதை எப்படிச் சொல்வது?

கவர்னர் ஏர்ல் வாரனுக்குப் பாதி நன்றி. சீன, ஜப்பானிய, பூர்வகுடிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைக்கலாம் என்றிருந்த மாநிலச் சட்டத்தை நீக்க 1947 ஜூனில் கையெழுத்திட்டீர்கள். 1942இல் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது முனேமிட்சு போன்றவர்களை வெளியேற்றச் சொல்லி நின்றவரும் நீங்களே. மீதிப் பாதியை அவர்கள் தந்தால் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆரஞ்சு கவுண்டியிலிருந்து ஒரு தாய்